நெய் எண்ணெயில் சேர்த்தியா?

சிதம்பரநாதனிடம் யாராவது எதையாவது கேட்டால் 'தெரியாது' என்ற பதில் மட்டும் வராது. கப்பல் எதனால் மிதக்கிறது, மழை எப்போது விடும், பினாங்குக் கொடிமலை ரயில் எந்தத் தைரியத்தில் அவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது, எதைக் கேட்டாலும் கைவசம் ஒரு பதில் இருக்கும். அது சரியான பதிலா என்பது வேறு விஷயம். இந்த வியாதி தனக்கு இருப்பது அவனுக்கே நன்றாகத் தெரியும். காலையில் பல் தேய்க்கும்போது, 'நேற்று அந்த ரிக்‌ஷாக்காரனிடம் அவ்வளவு அளந்தாயே, அதில் கால்வாசியாவது நிஜமா?' என்று தன்னையே கேட்டுச் சிரித்துக்கொள்வான். சிரித்து முடித்ததும் கழுத்தில் டையைக் கட்டிக்கொண்டு அன்றைக்கு அளக்கக் கிளம்பிவிடுவான்.

அவன் வேலை பார்த்தது வெல்ட் கீ கடலோரத்தில் இருந்த டன்வுடி துரையின் பரிசோதனைச்சாலையில். துறைமுகத்தில் வந்து இறங்கும் நிலக்கரி எவ்வளவு சூடு கொடுக்கும் என்று சோதித்துக் கப்பல் கம்பெனிகளுக்குச் சொல்வது துரையின் தொழில். ஊரார் அந்த இடத்தைக் கரி ஆபீஸ் என்றார்கள். சிதம்பரநாதன் ஒருவன்தான் விடாமல் 'லாபரட்டரி' என்று சொல்லிக்கொண்டிருந்தான். துரைக்கு அடுத்த இடம் அவனுடையது. அவனுக்கு அடுத்த இடம் வேலுவுடையது. மொத்தம் மூன்று பேர்தான் என்பதை அவன் வெளியில் சொல்வதில்லை.

சோதனை இப்படி நடக்கும். ஒரு சிட்டிகை கரியைத் தடித்த எஃகுப் பாத்திரத்துக்குள் வைத்து இறுக மூடுவார்கள். பிறகு பிராணவாயுவை அழுத்தி உள்ளே நிரப்பி, பாத்திரத்தைத் தண்ணீரில் முக்கி, மின்சாரத்தால் உள்ளே பொறி வைப்பார்கள். கரி குபீரென்று எரிந்து தீர்ந்துவிடும். தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்தால் கரியின் யோக்கியதை தெரிந்துவிடும். அந்தப் பாத்திரத்தைத் துரை 'பாம்' என்றார். சிதம்பரநாதன் அதைத் தமிழ்ப்படுத்திக் 'குண்டு' என்றான்.

பிராணவாயு வருவது ஆளுயர இரும்பு சிலிண்டரில். உடம்பெல்லாம் கறுப்புப் பெயிண்ட். அந்த ஒரு சிலிண்டருக்குள் ஒரு பெரிய அறை நிறையக் கொள்ளும் வாயுவை நசுக்கி அடைத்திருப்பார்கள். அதை நேரே திறந்துவிட்டால் எந்தப் பாத்திரமும் தாங்காது. ஆகையால் சிலிண்டரின் கழுத்தில் ரெகுலேட்டர் என்ற பித்தளைச் சாமானை முடுக்கி, அதன் வழியாக வேண்டிய அளவு மட்டும் விடுவார்கள். அதற்குக் கண்ணாடி போட்ட மீட்டர்கள் இரண்டு. ஒன்றின் முகத்தில், எண்ணெய் போடக் கூடாது என்று இங்கிலீஷில் பொடி எழுத்தில் செதுக்கியிருந்தது.

வேலையில் சேர்ந்த அன்றே துரை விதிகளைச் சொல்லிவிட்டார். சிலிண்டரைச் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டு. கழுத்துக்கு மூடி போடாமல் நகர்த்தாதே. திறக்கும்போது மெதுவாகத் திற, மீட்டருக்கு நேர் எதிரே நிற்காதே. எண்ணெய் கூடவே கூடாது. மற்ற விதிகளுக்குக் காரணம் யோசித்தாலே விளங்கியது. எண்ணெய்க்கு மட்டும் விளங்கவில்லை. கேட்டிருந்தால் துரை அப்போதே சொல்லியிருப்பார். ஆனால் கேட்டால் தெரியாது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே! சிதம்பரநாதன் தலையை மட்டும் ஆட்டிவைத்தான்.

வேலு கேட்டபோது காரணமும் தயாராக இருந்தது. "எண்ணெய் பட்டா உள்ள இருக்கற வாயு வழுக்கிக்கிட்டு வெளியே ஓடிரும்" என்றான். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்தது. வேலு பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர், நாற்பதைத் தாண்டியவர். "ஓ, அப்படியாலா" என்று நம்பிவிட்டார். மூன்று பேர் உள்ள ஆபீஸில் இரண்டு பேருக்கு உண்மை தெரியாது என்பது அன்றோடு உறுதியாயிற்று.

இதெல்லாம் ஒரு பக்கம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் மாமனார் கப்பலில் வந்து இறங்கினார்.

குமரப்பச் செட்டியாருக்குப் பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கியில் வட்டிக்கடை நடத்தப் பெட்டியடி உண்டு. தாசேக் கெலுகோரில் ரப்பர்த் தோட்டம் உண்டு. சில வருஷங்களுக்கு ஒரு முறை வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புவார். இந்தத் தடவை பார்க்க வந்தது மாப்பிள்ளையை. பெண்களைக் கடல் கடந்து அழைத்துப் போகும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. ஆண்கள் கிட்டங்கியில் வரிசையாகப் பெட்டி போட்டுக்கொண்டு வாழ்வார்கள். பெண்கள் ஊரில் காத்திருப்பார்கள். சிதம்பரநாதன்தான் பிடிவாதம் பிடித்துக் கண்ணம்மையைக் கூட்டி வந்து டத்தோ கிராமட் ரோட்டில் தனிவீடு பார்த்துக் குடிவைத்தான். செட்டியாரின் முடிவு எளிமையானது. மாப்பிள்ளையைக் கரி ஆபீஸிலிருந்து கிளப்பிக் கிட்டங்கியில் உட்கார வைப்பது. மகளைத் திரும்பும் கப்பலில் தன்னோடு ஊருக்கு அழைத்துப்போவது.

"காத்தை அடைச்சு வச்சுக் கரியைக் கொளுத்தறதெல்லாம் ஒரு உத்தியோகமா, மாப்பிளே?" என்றார் வந்த அன்றே.

சிதம்பரநாதனுக்குக் கிட்டங்கிப் பெட்டியடி கூடப் பரவாயில்லை, உட்கார்ந்துவிடலாம். கண்ணம்மை இல்லாத வீடு என்று நினைத்தால்தான் மனசு ஆடிப்போயிற்று. அவன் அளப்பதையெல்லாம் முழுக்கக் கேட்டுவிட்டு, முடிவில் "சரி, இதுல எது நெசம்?" என்று கேட்பவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். அவளிடம் கேலிப்படுவது அவனுக்குச் சுகமாக இருந்தது. அவளைக் கப்பல் ஏற்றிவிட்டால் அவன் அளப்பதை நிறுத்த ஆளே இருக்காது.

ஆகையால் ஒரு யோசனை செய்தான். நவராத்திரி நடந்துகொண்டிருந்தது. விஜயதசமியன்று எதைத் தொடங்கினாலும் விளங்கும். அன்று செட்டியாரை லாபரட்டரிக்கு அழைத்து, புது சிலிண்டரை அவருடைய ராசியான கையாலேயே திறக்க வைப்பது. மீட்டர் முள் ஏறுவதையும், குண்டு எரிவதையும், துரை தன்னை மரியாதையாக நடத்துவதையும் அவர் கண்ணால் பார்த்துவிட்டால் கிட்டங்கிப் பேச்சு அடங்கிவிடும். துரையும் சம்மதித்தார். பணக்கார விருந்தாளி என்றால் அவருக்கும் கசக்காது.

ஆயுத பூஜையன்று துரை கொடிமலைக்கு ஓய்வெடுக்கப் போய்விட்டார். வேலு ஆபீஸ் முழுவதையும் கழுவித் துடைத்தார். இடுக்கி, கத்தரி, உலக்கை, கதவுக் கீல், துரையின் குடை என்று அகப்பட்டதற்கெல்லாம் எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தார். மேஜைமேல் சரஸ்வதி படத்துக்கு முன்னால் கண்ணம்மை கொடுத்துவிட்டிருந்த நெய்விளக்கு எரிந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் அவள் உருக்கிக் கொடுத்த நெய். ரெகுலேட்டர் மட்டும் ஒரு துணியின்மேல் தனியாகக் கிடந்தது.

"இதுக்குப் போடலாமா, சார்?" என்றார் வேலு, எண்ணெய்க் கிண்ணியோடு.

"கூடாது. வாயு வழுக்கிரும்."

"எல்லாத்துக்கும் போட்டாச்சு. இது ஒண்ணு மட்டும் பட்டினியா நிக்குது, பாவம்லா. நாளைக்கு உங்க மாமா தொடப் போறது இதைத்தானே?"

சிதம்பரநாதனுக்குச் சுருக்கென்றது. விஷயம் அதோடு நிற்கவில்லை. அந்த ரெகுலேட்டரின் மரை வெகு நாளாகவே முறைத்துக்கொண்டிருந்தது. அதை முடுக்குவதற்குள் ஸ்பானரோடு மல்லுக்கட்டி முகம் சிவந்துவிடும். நாளைக்கு மாமனார் முன்னிலையில் அப்படி முக்கிக்கொண்டு நின்றால் விஞ்ஞானி என்று யார் சொல்வார்கள்? வண்டிக்காரன் என்றுதான் சொல்வார்கள்.

அப்போதுதான் அவன் கண் நெய்க் கிண்ணத்தில் விழுந்தது.

எண்ணெய் கூடாது என்றுதானே துரை சொன்னார்? நெய் கூடாது என்று சொன்னாரா? கடையில் போய் எண்ணெய் கேட்டால் எவனாவது நெய் எடுத்துக் கொடுப்பானா? கோயிலில் எண்ணெய் விளக்கு வேறு, நெய்விளக்கு வேறு. தோசைக்கு எண்ணெய் ஊற்றுவது வேறு, நெய் ஊற்றுவது வேறு, ருசியே சொல்லிவிடும். எண்ணெய் செக்கிலிருந்து வருவது, நெய் பசுவிடமிருந்து வருவது. துரைக்கு மட்டும் தமிழ் தெரிந்திருந்தால் இந்த வித்தியாசத்தை அவரும் ஒத்துக்கொண்டிருப்பார். இப்படி நினைத்தபோது தன் புத்தி எவ்வளவு கூர்மை என்று அவனுக்கே புல்லரித்தது.

விரலில் நெய்யைத் தொட்டு மரை முழுவதும் தடவினான். வாயு நுழையும் துவாரத்தின் வாயிலும் ஒரு துளி வைத்தான். திருகிப் பார்த்தால் ஒற்றை விரலுக்கே சுழன்றது. மேலே ஒரு சந்தனப் பொட்டும் வைத்துக் கும்பிட்டான்.

"நெய் பரவாயில்லையா, சார்?"

"நெய் எண்ணெயில் சேர்த்தியா, வேலு அண்ணே? அது வேற வகை."

"படிச்சவங்க சொன்னாச் சரிதான்லா."

மறுநாள் காலை செட்டியாரும் கண்ணம்மையும் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்கள். கண்ணம்மை கையில் சர்க்கரைப் பொங்கல் தூக்கு. படத்துக்குப் படைத்துவிட்டு எல்லோருக்கும் கொடுத்தாள். மலையிலிருந்து இறங்கி வந்திருந்த துரை கரண்டியால் சாப்பிட்டார். செட்டியார் உள்ளங்கையில் வாங்கி, வழிய வழியச் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

சிதம்பரநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். "இதுதான் மாமா, குண்டு."

செட்டியார் ஒரு எட்டு பின்னால் போனார். "வெடிகுண்டா? போலீசுக்குத் தெரியுமா?"

"வெடிக்காத குண்டு மாமா. கரியை உள்ள வச்சு எரிப்போம்."

"அந்தக் கறுப்பு ஆளை ஏன் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கீக? ஓடிப் போயிருவானா?"

"அதுதான் சிலிண்டர். கீழ விழுந்து கழுத்து ஒடிஞ்சுதுன்னா, உள்ள இருக்கற வாயு சீறிக்கிட்டு வரும். அது தள்ளற தள்ளுல சிலிண்டரே சுவரைப் பொத்துக்கிட்டுக் கடலைத் தாண்டிப் பட்டர்வொர்த் வரைக்கும் போயிரும்." பட்டர்வொர்த் அவனுடைய சொந்தச் சரக்கு. சுவர் வரைக்கும் துரை சொன்னது. "உள்ள இருக்கறது பிராணவாயு, மாமா. நம்ம உசிரு நிக்கிறதே அதுலதான்."

"பிராணனை வாங்காம இருந்தாச் சரி" என்றார் செட்டியார். ஆனாலும் முகத்தில் ஒரு மதிப்புத் தெரிந்தது. சிதம்பரநாதன் அதைக் கவனித்துக்கொண்டான்.

ரெகுலேட்டரை எடுத்துக் கழுத்தில் பொருத்தி, கையாலேயே திருகினான். அது வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கடைசியாக ஸ்பானரால் ஒரு சின்னத் திருப்பு, அவ்வளவுதான். இன்று எவ்வளவு லேசாகப் போகிறது, என்ன செய்தாய் என்று துரை ஆச்சரியப்பட்டார். சிதம்பரநாதன் அடக்கமாகச் சிரித்தான். தொழில் ரகசியம் என்று அர்த்தம்.

சிலிண்டரின் உச்சியில், வாயுவைத் திறப்பதற்காக மாட்டியிருந்த சாவியைக் காட்டி, செட்டியாரைப் பக்கவாட்டில் நிறுத்தினார் துரை. அப்புறம், திறப்பதற்கு முன்னால் விருந்தாளிக்கு இரண்டு வார்த்தை சொல்ல ஆசைப்பட்டார். அவருக்கு மலாயில் டீ கேட்கவும் திட்டவும் மட்டும்தான் வரும். தமிழ் சுத்தமாக வராது. ஆகவே அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்லச் சிதம்பரநாதன் தமிழில் சொல்ல வேண்டும்.

இந்த வாயு தானாக எரியாது, ஆனால் எரிகிற எதையும் வெறிபிடித்து எரிய வைக்கும் என்றார் துரை. சிதம்பரநாதன் தமிழில் சொன்னான். செட்டியார் தலையாட்டினார். ஆகையால்தான் இந்த மீட்டரில் எண்ணெய் கூடாது என்று எழுதியிருக்கிறது என்றார் துரை. அதையும் சொன்னான். எண்ணெய் என்றால் எண்ணெய் மட்டுமல்ல என்று துரை தொடர்ந்தார். கிரீஸ், மெழுகு, வெண்ணெய், எந்தக் கொழுப்பானாலும் சரி, செடியிலிருந்து வந்தாலும் மாட்டிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். அதில் ஒரு சொட்டு இதற்குள் இருக்கும்போது சாவியைத் திருகினால் தீக்குச்சியே வேண்டாம், வாயு பாய்கிற வேகத்தின் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். பித்தளையே எரியும். மீட்டர் வெடிக்கும். இங்கிலாந்தில் தன் சிநேகிதர் ஒருவருக்கு இரண்டு கண்ணும் இப்படித்தான் போயிற்று.

சிதம்பரநாதன் நேற்று நெய் தொட்ட தன் விரலைப் பார்த்துக்கொண்டான்.

மாட்டிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். பசுவுக்கும் செக்குக்கும் நேற்று அவன் கண்டுபிடித்த மகத்தான வித்தியாசம் மாயமாகிவிட்டது. எதற்காக இந்த விதி என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால்! வழுக்கிக்கொண்டு ஓடிவிடுமாம்! மூளை இருக்கிற எவனாவது இப்படி ஒரு காரணத்தைச் சொல்வானா?

"துரை என்ன சொல்றாரு?" என்றார் செட்டியார்.

உண்மையைச் சொன்னால் இந்த நிமிஷமே மாப்பிள்ளை மடையன் என்று தீர்ந்துவிடும். துரை வேலையை விட்டு நீக்குவார், மாமனார் கிட்டங்கிக்கு இழுத்துப் போவார், கண்ணம்மை கப்பல் ஏறுவாள். சொல்லாமல் இதைத் தள்ளிப்போட்டால், எல்லோரும் போன பிறகு கழற்றித் துடைத்துவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"மெதுவாத் திறக்கணும்ங்கிறாரு, மாமா."

"அவ்வளவு நேரம் பேசினதுக்கு இவ்வளவுதானா?" என்று சொல்லிக்கொண்டே செட்டியார் சாவியின்மேல் கை வைத்தார்.

"மாமா! ராகு காலம்!"

செட்டியார் இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "வியாழக்கிழமை ராகு காலம் மத்தியானத்துக்கு மேலதானே? அதோட விஜயதசமிக்கு நாள் முழுக்க நல்ல நேரம்."

மறுபடியும் கை சாவிக்குப் போயிற்று. சிதம்பரநாதன் தும்மினான். தும்மல் தானாக வரவில்லை. அவனாகப் பலமாகத் தும்மினான். அதுவும் ஒற்றைத் தும்மல். செட்டியாரின் கை நின்றது. "ஒத்தத் தும்மலா?" என்று முகத்தைச் சுளித்தார். சிதம்பரநாதனுக்கு உயிர் வந்தது. ஆனால் செட்டியார் வேலுவிடம் தண்ணீர் வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு, "சரி, தோசம் போயிருச்சு" என்று மீண்டும் கையை நீட்டினார்.

கண்ணம்மை புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பல்லி விழுந்த பலனை அவள் பார்த்தாலே, மூடநம்பிக்கை என்று முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்கிறவன். அவனுக்கு எங்கிருந்து வந்தது ராகு காலம்? என்னவோ இருக்கிறது என்று அந்தச் சாமானைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். பார்க்க வசதியாக, மீட்டர் கண்ணாடிக்கு நேர் எதிரே குனிந்து நின்றாள்.

சிதம்பரநாதன் அவள் முகத்தைப் பார்த்தான். அதற்கு ஒரு முழம் முன்னால் இருந்த கண்ணாடியையும் பார்த்தான். உத்தியோகம், கிட்டங்கி, மானம், கப்பல் எல்லாம் ஒரு கணத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று. அவன் அதற்குமுன் அவ்வளவு பயந்ததில்லை.

"கீ!" என்று துரையைப் பார்த்து அலறினான். "சார்! கீ! கீ!"

நெய்க்கு இங்கிலீஷில் அதுதான் பெயர். ஆனால் சாவிக்கும் ஏறக்குறைய அதுதான். துரையின் நாக்கில் இரண்டும் இரண்டு சொற்கள். சிதம்பரநாதனின் தமிழ் நாக்கில் இரண்டும் ஒன்று. ஆமாம், அதுதான் சாவி, திருகச் சொல் என்று துரை சந்தோஷமாகச் செட்டியாருக்குச் சைகை காட்டினார். அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை செட்டியாருக்கும் தெரியும். அவரும் "கீதானே, தெரியுது மாப்பிளே" என்று பிடியை இறுக்கினார்.

சிதம்பரநாதன் பாய்ந்தான். ஒரு கையால் மாமனாரின் மணிக்கட்டைப் பிடித்தான். மறு கையால் கண்ணம்மையைத் தள்ளிய தள்ளில் அவள் போய் வேலுவின்மேல் மோதினாள். மாமனாரின் கையைப் பிடித்து முறுக்கிய மாப்பிள்ளை என்று அந்தக் குலத்தில் அதுவரை எவனும் இருந்திருக்க மாட்டான்.

"பசு மாட்டுக் கீ, சார்! மாட்டுக் கீ!"

மாட்டுக்கு எதற்குச் சாவி என்று துரை விழித்தார். சிதம்பரநாதன் பொங்கல் தூக்கை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டி, மேலே மிதந்த நெய்யைக் காட்டி, ரெகுலேட்டரைக் காட்டி, தன் விரலைக் காட்டி, தடவுவதுபோலச் செய்து காட்டினான். துரையின் முகம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது.

அவர் சாவியை உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். எல்லோரையும் வாசலுக்கு அனுப்பினார். சுத்தமான துணியால் பிடித்து ரெகுலேட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். மரையெல்லாம் நெய் பளபளத்தது. மணமே வாசல் வரைக்கும் வந்தது. இதைத் துடைத்துவிட்டு உபயோகிக்க முடியாது, செய்த கம்பெனிக்கே அனுப்பிப் பிரித்துக் கழுவ வேண்டும் என்றார். கழுத்தில் பட்டிருப்பதால் சிலிண்டரையும் திருப்பி அனுப்ப வேண்டும், அதுவரை எவனும் தொடக் கூடாது. அதற்குப் பிறகுதான் திட்ட ஆரம்பித்தார். இங்கிலீஷில் தொடங்கி, அது போதாமல் மலாய்க்குப் போய், மறுபடி இங்கிலீஷுக்குத் திரும்பி வந்தார்.

ஒரு வழியாக ஓய்ந்ததும் செட்டியார் கேட்டார். "துரை என்ன சொல்றாரு, மாப்பிளே?"

பழைய வியாதி கடைசியாக ஒரு தடவை தலைதூக்கியது. "இன்னும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்ங்கிறாரு, மாமா."

"நடுவுல 'போடோ'ன்னாரே? அது மலாய்ல முட்டாள்னுதானே அர்த்தம்? அது எனக்கும் தெரியும்."

கண்ணம்மை முழங்கையைத் தேய்த்துக்கொண்டே, "சரி, இதுல எது நெசம்?" என்றாள்.

அதற்குமேல் அவனால் முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, துரை சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் தமிழில் சொன்னான். தன்னைப் பற்றித் தானே, இன்னொருவர் வார்த்தையில், மாமனாருக்கு முன்னால். "என்னை முட்டாள்ங்கிறாரு. எண்ணெய் கூடாதுன்னா ஏன்னு கேக்காதவன் முட்டாள், கேக்காமலே அடுத்தவனுக்குக் காரணம் சொல்றவன் அதைவிடப் பெரிய முட்டாள்ங்கிறாரு. நான் நெய் தடவினேன் மாமா, எண்ணெய் இல்லைன்னு நெனச்சுக்கிட்டு. நீங்க சாவியைத் திருகியிருந்தா கண்ணம்மைக்கு மொகம் இருந்திருக்காது. காரணம் எனக்குத் தெரியும்னு துரை நெனச்சாராம். நானும் அப்படித்தான் நெனச்சேன்." துரை சொல்லாததும் அதில் கொஞ்சம் இருந்தது, ஆனால் அத்தனையும் நிஜம்.

வேலு மெல்ல, "அப்போ வழுக்கிக்கிட்டு ஓடறதுன்னு சொன்னது?" என்றார்.

"அதுவும் நான் விட்ட கதைதான், அண்ணே."

செட்டியார் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துண்டில் துடைத்த பிறகும் உள்ளங்கையும் விரல் இடுக்கும் பொங்கல் நெய்யில் மினுமினுத்தன. அதே கையால்தான் சாவியைப் பிடித்திருந்தார்.

"ராசியான கை" என்றார் தனக்குள். பிறகு வேலுவிடம், "சவுக்காரம் இருந்தாக் குடுங்க" என்று கேட்டு வாங்கி, தொட்டியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

திரும்பி வந்தபோது சிதம்பரநாதன் டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். "நாளைக்கே கிட்டங்கிக்கு வந்துர்றேன், மாமா."

"வேணாம்" என்றார் செட்டியார். "அங்க நீங்க எதைச் சொன்னாலும் ஆமா ஆமான்னு தலையாட்ட என்னை மாதிரி நாலு பேருதான் இருக்கோம். ஒரு நாளைக்கு நெய்யை ஊத்திக் கிட்டங்கியையே கொளுத்திருவீக. இங்கேன்னா திட்டறதுக்கு ஒரு துரை இருக்காரு. வீட்டுல எது நெசம்னு கேக்க இவ இருக்கா. ரெண்டு பேருல ஒருத்தரைக் கொறைச்சாலும் நீங்க தாங்கமாட்டீக. இவ இங்கேயே இருக்கட்டும். கப்பலுக்கு நான் மட்டும் போறேன்."

எதற்காக அவன் அவ்வளவு வேஷம் போட்டானோ அது, வேஷம் கலைந்த பிறகு, முட்டாள் பட்டத்தோடு சேர்ந்து கிடைத்தது. அதற்குச் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் நின்றான். கண்ணம்மை தூக்கை எடுத்துக்கொண்டு தகப்பனாரோடு ரிக்‌ஷாவில் ஏறும்போது, "இனிமே நெய் வீட்டுக்கு மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

துரை இன்னும் அந்தச் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். சிதம்பரநாதன் உள்ளே போனான். இன்று விஜயதசமி, குழந்தைகளை உட்கார வைத்து முதல் எழுத்தைச் சொல்லிக்கொடுக்கிற நாள். அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பினாங்கில் அதுவரை யாரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டான்.

"ஏன், சார்? நெய் ஏன் பற்றிக்கொள்கிறது?"

துரை அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சாக்பீஸை எடுத்து, சிலிண்டரின் கறுப்பு வயிற்றிலேயே படம் போட ஆரம்பித்தார். அம்புக்குறி போட்டார், வட்டம் போட்டார், அழுத்தத்தையும் சூட்டையும் எழுதினார். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, புரிந்ததா என்று கேட்டார்.

'எஸ் சார்' என்பது வழக்கம்போல நுனிநாக்குக்கு வந்துவிட்டது. சிதம்பரநாதன் அதை விழுங்கிவிட்டு, "இல்லை, சார்" என்றான்.

துரை கைக்குட்டையை எடுத்துச் சிலிண்டரைத் துடைத்துவிட்டு, முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்.